கலக்கினவள் ருசி பார்க்கக் கூடாது

கூடப் பிறந்தவள் பிரிந்து போனால் நாலு பேர் துக்கம் விசாரிப்பார்கள். சிநேகிதி பிரிந்து போனால்கூட 'ஐயோ பாவம்' என்று ஒரு வார்த்தை கிடைக்கும். ஓரகத்தி பிரிந்து போனால்? வாழ்த்துச் சொல்லத்தான் வருவார்கள். "அப்பாடா, இனிமே உன் அடுப்படி உனக்கு" என்று முதுகில் தட்டிக் கொடுப்பார்கள். பெரியவளுக்கும் அப்படித்தான் தட்டிக் கொடுத்தார்கள். அவள் யாரிடம் போய்ச் சொல்வாள், அவ இல்லாம எனக்குக் கை ஓடலை என்று? சொன்னால்தான் யார் நம்பப் போகிறார்கள்?

இரண்டு பேரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். பெரியவளின் வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். சின்னவளின் வீட்டுக்காரன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையுமாக இருக்க வேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறதே, அதை இவர்கள் சட்டை செய்யவில்லை. வீட்டின் முன்னறையைத் தடுத்து, ஒரு கண்ணாடி அலமாரியும் ஒரு பழைய ஓவனும் வாங்கிப் போட்டு, கேக் கடை வைத்தார்கள். சொந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். "ஆறு மாசம் தாங்காது" என்று சொன்னார்கள். சொல்லிவிட்டு ஆளுக்கு இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டும் போனார்கள். கடை வருஷக்கணக்காகத் தாங்கியது.

அந்தக் கடைக்கு ஒரே ஒரு சட்டம்தான். கலக்கினவள் ருசி பார்க்கக் கூடாது. காலையிலிருந்து இனிப்பில் ஊறிப்போன நாக்குக்கு எதுவும் உறைக்காது. தவிர, தன் கைப்பட்ட மாவு எவளுக்குத்தான் மட்டமாகத் தெரியும்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே. அதனால் ஒருத்தி கலக்கினால் மற்றவள் ருசி பார்ப்பாள். ருசி பார்ப்பவள் நாக்கில் பட்டதை அப்படியே சொல்ல வேண்டும். கலக்கினவள் மறுபேச்சுப் பேசக் கூடாது. யாரும் உட்கார்ந்து யோசித்துப் போட்ட சட்டமில்லை. முதல் வாரத்தில் பாயசம் போல இனித்த இரண்டு கேக்கைக் குப்பையில் கொட்டிய பிறகு தானாக வந்த சட்டம்.

சின்னவள் ருசி பார்ப்பதைப் பார்க்க வேண்டுமே! ஸ்பூனை வாயில் வாங்கியதும் கண்ணை மூடிக்கொள்வாள். இடது கை தானாக எழுந்து, 'யாரும் பேசாதீங்க' என்று காட்டும். வாசலில் வாடிக்கையாளர் கூப்பிட்டாலும் அவள் காதில் விழாது. பிறகு கண்ணைத் திறந்து, "அக்கா, எலுமிச்சைத் தோல் ஒரு சுரண்டு ஜாஸ்தி" என்பாள். ஒரு சுரண்டு! பெரியவள் அடுத்த கலவையில் குறைத்துப் போடுவாள். கேக் சரியாக வரும். ஒரு நாள்கூட அந்த நாக்குத் தப்பியதில்லை.

வந்தது வினை ஒரு லீவு நாளில். கடையில் நிற்க இடமில்லை. பெரியவள் ஒரு கையில் கத்தி, மறு கையில் அட்டைப்பெட்டி என்று திண்டாடிக்கொண்டிருந்தாள். சின்னவள் உள்ளேயிருந்து கிண்ணமும் ஸ்பூனுமாக வந்தாள்.

"அக்கா, புதுசா ஒண்ணு செஞ்சு பாத்திருக்கேன். சர்க்கரையே போடல. எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

பெரியவள் வாயைத் திறந்தாள். சின்னவள் ஊட்டினாள். பேரீச்சம்பழம், கேரட், ஆரஞ்சுத் தோல், கோதுமை மாவு, கூடவே லேசாக இஞ்சி. பெரியவளின் நாக்கு சர்க்கரையைத் தேடியது. வழக்கமான இடத்தில் அது இல்லை.

"என்னடி இது, மருந்து மாதிரி இருக்கு! இதை வாங்க யாரு வருவா, நோயாளிங்களா?"

கடையே சிரித்தது. பெரியவளும் சிரித்தாள். அவள் பொய் சொல்லவில்லை. நாக்கில் பட்டதைச் சொன்னாள், சட்டம் அதுதானே? ஆனால் கூட்டத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு சொல் என்று சட்டத்தில் இருந்ததா? நீங்களே சொல்லுங்கள். சின்னவள் மறுபேச்சுப் பேசவில்லை. "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கூட்டம் கலைந்து பெரியவள் உள்ளே போனபோது, அந்தக் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

அதற்குப் பிறகும் சின்னவள் கலக்கினாள், ருசி பார்த்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். சிரிப்புதான் இல்லை. மாதம் திரும்புவதற்குள், "பெயின்ட் வேலைக்குப் பக்கமா இருக்கும்" என்று ஒரு சாக்கைச் சொல்லி, இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித் தனிவீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சாமான் வண்டி கிளம்பும்போது பெரியவள் வாசலில்தான் நின்றாள். 'போகாதடி' என்ற ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. மூத்தவள் என்ற கிரீடம் தலையில் இருந்ததே, அது வழி மறித்துக்கொண்டது. வண்டி தெரு முனையில் திரும்பும் வரை பார்த்துவிட்டு உள்ளே வந்து, ஒரு வேலையும் ஓடாமல் கண்ணாடி அலமாரியைத் துடைத்தாள்.

ஆண்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணனும் தம்பியும் பஸ் டிப்போ பக்கத்து டீக்கடையில் சாயங்காலம் தவறாமல் சந்தித்துக்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மா" என்பார் பெரியவர். ஒன்றுமில்லாததை ஒரு மணி நேரம் பேச அண்ணன் தம்பியால்தான் முடியும்.

பெரியவள் தனியாகக் கடையை நடத்தினாள். மாவு கலக்கி முடித்ததும் கை தானாக ஸ்பூனை முக்கி இடப் பக்கம் நீட்டும். அங்கே ஃப்ரிட்ஜ் நிற்கும். நீட்டிய ஸ்பூனை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கணம் அப்படியே நிற்பாள். தன் வாயில் வைக்க மனம் வராது. சின்னவள் போனாலும் சட்டம் போகவில்லையே. கடைசியில் வீட்டுக்காரரைக் கூப்பிடுவாள். அவருக்கு மண்ணைக் குழைத்து ஊட்டினாலும் "நல்லாருக்கு" என்பார். வெண்ணெய் காறிப்போன அன்றைக்கும் நல்லாருக்கு, உப்பை இரண்டு தடவை போட்ட அன்றைக்கும் நல்லாருக்கு.

"உங்களுக்கு நாக்குன்னு ஒண்ணு எதுக்குத்தான் குடுத்தானோ ஆண்டவன்!"

"உன்கூடப் பேசத்தான்" என்பார் அவர். பேச்சுக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

அப்புறம் ஒரு நாள் கடையிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"நான் கேக் கடை வெச்சிருக்கேன் டாக்டர்" என்றாள் பெரியவள், அது ஏதோ சலுகைச் சீட்டு மாதிரி.

"கடை வெச்சிருக்கறது சரிம்மா. சாப்பிடறது யாரு?" என்று கேட்டார் டாக்டர்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். 'நோயாளிங்களா' என்று கடையைச் சிரிக்க வைத்த வாய்க்கு இப்போது மூன்று வேளை மாத்திரை. டீயில் சர்க்கரை போச்சு. ஓரம் வெட்டின கேக் துண்டுகளைப் போகிற போக்கில் வாயில் போட்டுக்கொள்கிற பழக்கம் போச்சு. முதல் வாரம் உலகமே சப்பென்று இருந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். சின்னவள் வருவாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். கதவு தட்டும்போதெல்லாம் அவள்தான் என்று எழுந்தாள். அவள் வரவில்லை.

வாரங்கள் போயின. ஒரு நாள் கடைக்காகக் கேரட் துருவும்போது, கையில் மிஞ்சின நுனியை யோசிக்காமல் வாயில் போட்டாள். கடித்தவள் நின்றாள். இனித்தது. இத்தனை வருஷமாக மூட்டை மூட்டையாகத் துருவியிருக்கிறாள், கேரட் இவ்வளவு இனிக்கும் என்று அவளுக்குத் தெரியாது! சர்க்கரையின் கூச்சலில் அது என்றைக்குமே காதில் விழாமல் போயிருக்கிறது. அந்த நிமிஷம் அந்த லீவு நாள் ஸ்பூன் ஞாபகத்துக்கு வந்தது. கேரட், பேரீச்சம்பழம், ஆரஞ்சுத் தோல். அது மருந்து இல்லை. அவள் நாக்குத்தான் அன்றைக்குச் செவிடாக இருந்திருக்கிறது. இப்போது அந்த ஸ்பூன் இன்னொரு தடவை கிடைக்குமா என்று ஏங்கியது. ஸ்பூனுக்கு மட்டுமா ஏங்கியது? அதை நீட்டின கைக்கும் சேர்த்துத்தான்.

போய்க் கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். எந்த முகத்தோடு போவாள்? 'மருந்துன்னு சிரிச்சேன், இப்ப மருந்து வேணும், குடு' என்று கேட்கவா? ஆகவே அதைத் தானே செய்து பார்ப்பது என்று தீர்மானித்தாள். சரியாக வந்தால் அதை எடுத்துக்கொண்டு போகலாம். வெறுங்கையோடு போவதற்கு அது எவ்வளவோ தேவலை.

சொல்லவே வேண்டாம், முதல் கேக் செங்கல். கோதுமை மாவு என்றால் மைதாவின் அக்கா என்று நினைத்துவிட்டாள். அது வேறு குடும்பம். இரண்டாவது தடவை வெண்ணெய்க்குப் பதிலாக ஆப்பிளை வேகவைத்து மசித்துப் போட்டாள். கேக் பசை மாதிரி கத்தியைப் பிடித்துக்கொண்டது. பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. கோதுமை மாவை வெறும் வாணலியில் வாசம் வரும் வரை வறுத்தால் பச்சை வாடை போய்விடும். பேரீச்சம்பழத்தை வெந்நீரில் ஊறவைத்து அரைத்தால் தித்திப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் போய் உட்காரும். கெட்டித் தயிர் சேர்த்தால் மெத்தென்று இருக்கும். இதெல்லாம் சின்னவள் செய்ததாக இருக்கலாம். இன்னொன்று பெரியவளின் சொந்த மூளை. கனிந்த வாழைப்பழத்தைத் தோலோடு ஓவனில் வைத்துக் கறுப்பாகும் வரை சுட்டாள். உள்ளே பழம் தேன் பாகு மாதிரி இறங்கியிருந்தது. அதைக் கொஞ்சமாகச் சேர்த்தால் பேரீச்சம்பழத்தில் பாதியைக் குறைத்துவிடலாம். "அதுவும் இனிப்புதாம்மா, விரல் அகலத் துண்டுக்கு மேல கூடாது" என்று டாக்டர் எச்சரித்திருந்தார். விரல் அகலம் போதும் அவளுக்கு.

கேக் உப்பி, நடுவில் அழகாக ஒரு வெடிப்பு விட்டு வந்தது. ஓரத்தைக்கூடக் கிள்ளிப் பார்க்கவில்லை அவள். இதை ருசி பார்க்க வேண்டியவள் ஒருத்திதான். பழைய மூடி டப்பாவில் முழுசாக வைத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள்.

"தம்பிகிட்ட குடுங்க. அவகிட்ட குடுக்கச் சொல்லுங்க. எப்படி இருக்குன்னு சொல்லணும்னு சொல்லுங்க."

மறுநாள் சாயங்காலம் டப்பா திரும்பி வந்தது. காலியாக, கழுவித் துடைத்து. பெரியவள் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள், ஏதோ வார்த்தையைப் போட்டு அனுப்பியிருப்பது மாதிரி.

"ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல" என்றார் அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே.

ஒரு வாரம் காத்திருந்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. ருசி பார்த்தவள் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சட்டத்தையே வேண்டாம் என்று விட்டுவிட்டாளா? அப்படியென்றால் இனிமேல் அவள் வரமாட்டாள். நல்லாயில்ல என்று காறித் துப்பியிருந்தால்கூட, அது அவள் வாய் வார்த்தை என்று வைத்துக்கொண்டிருப்பாள்.

இருந்தாலும் கை சும்மா இருக்குமா? வீட்டுக்காரருக்கு வார லீவு வந்த நாளில் அதே மாவை மறுபடி கலக்கினாள். கடைசியாகச் சமையல் சோடாவையும் போட்டுக் கலந்து, ஸ்பூனை முக்கி, பழக்கப்படி ஃப்ரிட்ஜ் பக்கம் நீட்டி, பிறகு திருப்பி அவரிடம் நீட்டினாள்.

அவர் சப்புக்கொட்டினார். "நல்லாருக்கு. ஆனா போன தடவை இன்னும் நல்லாருந்துச்சு."

பெரியவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போன தடவை நீங்க எப்ப சாப்ட்டீங்க?"

கல்யாணமான நாளிலிருந்து 'நல்லாருக்கு' என்பதைத் தாண்டாத மனுஷன். அன்றைக்கென்று 'ஆனா' என்றார். அந்த ஒரு 'ஆனா'வில் மாட்டிக்கொண்டார். முழித்தார். தலையைச் சொறிந்தார்.

"அது வந்து... டீக்கடையில தம்பி மூடியைத் தொறந்து பாத்தான். வாசனை தூக்கிச்சு. ஒரு துண்டு எடுத்தோம். பேசிக்கிட்டே இருந்தோமா, பாத்தா... காலி."

"முழுசுமா?"

"டீக்கடைக்காரருக்கும் ஒரு துண்டு குடுத்தோம். பாவம், அவர்தான் டப்பாவைக் கழுவிக் குடுத்தார்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று அவளுக்கே தெரியாது. ஒரு வாரமாக அவள் பட்ட வேதனையெல்லாம் இந்த இரண்டு தீனிப்பண்டாரங்களால் என்று நினைத்தால், கீழே வைத்த கரண்டியை எடுத்தே ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

அவர் சமாதானம் செய்கிற நினைப்பில் மேலே பேசினார். "தம்பியே பாராட்டினான் தெரியுமா? ஒரு வாய் வெச்சதும், 'இது அவ அன்னைக்கு அண்ணிக்குன்னு செஞ்ச கேக் மாதிரியே இருக்கே'ன்னான்."

"யாருக்குன்னு?"

"உனக்குன்னுதான். நீ ராத்திரில எழுந்து எழுந்து தண்ணி குடிக்கறது, கால் மரத்துப்போகுதுன்னு உதறிக்கிட்டே நிக்கறது, எல்லாத்தையும் அவ பாத்திருக்கா. அவ அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதாம். அக்காவால கேக்கை விட முடியாது, அதனால கேக்கைத்தான் மாத்தணும்னு சொன்னாளாம்."

"இதை எப்பச் சொல்றதா இருந்தீங்க?"

"இப்பதான் சொல்லிட்டேனே."

கூட்டம் சிரித்தபோது சின்னவள் "சரிக்கா" என்று சொன்னது பெரியவளுக்குக் காதில் கேட்டது. டாக்டருக்கு முன்னால், ஊசிக்கு முன்னால், இவளுக்கு நோய் என்று கண்டுபிடித்து, பயமுறுத்தாமல், பிடித்த பண்டத்திலேயே மருந்தைக் கலந்து ஊட்டியிருக்கிறாள் ஒருத்தி. அவளைப் பார்த்துத்தான் 'நோயாளிங்களா' என்று கேட்டுச் சிரித்திருக்கிறாள் இவள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூத்தவள் கிரீடம் எங்கே போய் விழுந்தது என்று அவள் பார்க்கவில்லை.

"ஸ்கூட்டரை எடுங்க."

"கேக் வேகட்டும், எடுத்துட்டே போலாமே."

"வெந்த கேக்கை உங்களை நம்பி எங்கயும் எடுத்துட்டுப் போக முடியாது. எடுங்கன்னா!"

சோடா போட்ட மாவு யாருக்காகவும் காத்திருக்காது. அது குமிழ் விட ஆரம்பித்தால் உடனே ஓவனுக்குள் போக வேண்டும். பெரியவள் ஸ்பூனைக் கிண்ணத்துக்குள்ளேயே விட்டு, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல், ஸ்கூட்டரின் பின்னால் ஏறி மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் டிரைவர் கையில் ஸ்கூட்டரைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு பஸ் நிறுத்தம் வரும்போதும் வண்டி தானாக மெதுவாகும்.

"யாரு ஏறப் போறாங்கன்னு நிறுத்தறீங்க? போங்க! குலுக்காமப் போங்க!"

"சீக்கிரமும் போகணும், குலுக்கவும் கூடாதுன்னா எப்படிம்மா?"

தட்டுக்கு அடியில் மாவு மெல்லச் சுவாசிப்பதை அவள் உள்ளங்கை உணர்ந்தது.

சின்னவள் வீடு மாடியில். பெரியவள் மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு படியேறினாள். கதவைத் திறந்த சின்னவள் கொஞ்சம் இளைத்திருந்தாள். வாசலில் ஏப்ரனும் கிண்ணமும் மூச்சிரைப்புமாக நிற்கிற அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த மன்னிப்பு ஒன்றுகூடப் பெரியவளின் நாக்குக்கு ஏறவில்லை. தட்டை நீக்கினாள். ஸ்பூனை முக்கினாள். நீட்டினாள். இந்தத் தடவை அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ் இல்லை.

சின்னவள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். இடது கை எழுந்தது. படியில் பின்னாலேயே வந்த பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அந்தக் கையைப் பார்த்து அடங்கிப்போனார்.

நெடுநேரம் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"இது கேக் இல்லக்கா" என்றாள்.

மறுபேச்சுப் பேசக் கூடாது. பெரியவள் கிண்ணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மருந்து" என்றாள் சின்னவள். "தினம் ஒரு துண்டு. வேளை தவறக் கூடாது." மூடின கண்ணிலிருந்து கன்னத்தில் ஒரு கோடு இறங்கியது.

"அடிப்பாவி!" என்றாள் பெரியவள். அதற்கு மேல் இருவரும் அழுததை எழுதி என்ன ஆகப் போகிறது?

"சர்க்கரைன்னு கேள்விப்பட்ட அன்னைக்கே ஓடி வரணும்னு இருந்துச்சுக்கா. 'நான் அப்பவே நினைச்சேன்'னு சொல்லிக்காட்ட வந்த மாதிரி ஆயிடுமேன்னு பயந்துட்டு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "இருங்க. சோடா போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அறிவிருக்கா உங்களுக்கு? சோடாவைப் போட்டுட்டு ஊர்வலமா வரீங்க! குமிழெல்லாம் செத்துக்கிட்டு இருக்கு பாருங்க. உப்பு வேற போடவே இல்ல. குடுங்க இப்படி!"

கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் திட்டத் திட்டப் பெரியவள் பின்னாலேயே போனாள். இப்படி உரிமையாக யாரும் தன்னைத் திட்டி எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். அடுப்படி மேடையில் சின்ன ஓவன் ஒன்று இருந்தது. அதன் மேல் மடித்த துணிகளை அடுக்கி வைத்திருந்தாள் சின்னவள். ஓவனைத் தொட்டே ரொம்ப நாளாகியிருக்கும் போலிருந்தது. துணியை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு ஸ்விட்சைத் தட்டினாள்.

ஓவன் சூடாகி, மாவு உள்ளே போய், வெந்து வெளியே வந்தபோது கேக் உப்பவில்லை. அட்டை மாதிரி தட்டையாக இருந்தது. சின்னவள் விரல் அகலத்துக்கு இரண்டு துண்டு வெட்டினாள். நின்றபடியே இருவரும் சாப்பிட்டார்கள். பெரியவளின் வாயில் கேரட் தெரிந்தது, சுட்ட வாழைப்பழம் தெரிந்தது, கடைசியில் லேசாக உப்பு தெரிந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் சின்னவள்.

"நான் கலக்கினது. நான் சொல்லக் கூடாது. நீ சொல்லு."

"உப்பைப் போட்டுக் கலக்கினது நான். நானும் சொல்லக் கூடாது."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் நாற்காலியில் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து மூன்றாவது துண்டில் இருந்தார்.

"நல்லாருக்கு" என்றார்.

பெரியவள் விரலில் ஒட்டியிருந்த துகளைக்கூட விடாமல் சாப்பிட்டாள். வெறும் கிண்ணத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். கிளம்ப வேண்டும், கடையைச் சாத்தாமல்கூட வந்திருக்கிறாள். ஆனாலும் மறுபடி எப்போது பார்ப்பது என்று கேட்க நினைத்து அங்கேயே நின்றாள்.

சின்னவள் அவள் இடுப்பிலிருந்து கிண்ணத்தை வாங்கித் தொட்டியில் போட்டாள்.

"இது இங்கயே இருக்கட்டும்க்கா. நாளைக்கு நான் கலக்கறேன், நீங்க வாங்க."